அண்ணனிடம் கேட்டீர்களா?

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு ஊர். என் அண்ணனுக்கு 31. ஆறு வருடத்துக்கு முன்னால், வேலை பார்த்த இடத்தில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுவதாகவும், தன் நினைப்பை யாரோ செல்போன் வழியாகப் படிப்பதாகவும் சொல்ல ஆரம்பித்தான். தூக்கம் போனது, குளிப்பதை விட்டான். முதலில் மந்திரித்தோம், குணசீலம் கோயிலில் 48 நாள் இருந்தோம், அப்புறம்தான் டாக்டரிடம் போனோம். மனச்சிதைவு என்றார். மாத்திரை சாப்பிட்டு நன்றாகிவிட்டான். மூன்று வருடமாக ஒரு மொபைல் கடையில் சர்வீஸ் வேலை. ஊரில் யாருக்கும் தெரியாது, பெங்களூரில் இருந்தான் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அம்மா மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பார். இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் "பெரியவனுக்கு ஏன் இன்னும் முடிக்கலை?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கல்யாணம் முடியும்வரை அவனை ஒரு ஹோமில் விடலாம் என்கிறார் பெரியப்பா. அவனுக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அப்பா. போன மாதம் ஒரு காதுகுத்தில் அவன் கை நடுங்கிக் காபி சிந்தியது, உறவுக்காரர்கள் சிரித்தார்கள். சில நேரம் இவன் இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றிவிடுகிறது, அப்புறம் அழுகிறேன். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா? எனக்கும் எனக்குப் பிறக்கும் குழந்தைக்கும் இது வருமா? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெரியப்பா சொன்னது, அப்பா நினைப்பது, அம்மா பயப்படுவது, பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டது, காதுகுத்தில் சிரித்தவர்கள் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. மூன்று வருடமாகத் தினமும் கடைக்குப் போய், உடைந்த போனைப் பிரித்துச் சரிசெய்து, கேட்கிற வாடிக்கையாளருக்கெல்லாம் பதில் சொல்லி, சம்பளம் வாங்கி வருகிற ஒரு மனிதரைப் பற்றி வீட்டில் இவ்வளவு பேச்சு நடக்கிறது, அவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. என் ஓபியில் அம்மாவோ அப்பாவோதான் முதலில் உட்கார்ந்து பேசுவார்கள், "எப்படி இருக்கீங்க?" என்று நோயாளியைப் பார்த்து நான் கேட்டாலும் பதில் பக்கத்து நாற்காலியிலிருந்துதான் வரும். நோய் வந்தவருக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று இருக்காது என்ற எண்ணம் எல்லார் மனதிலும் ஊறிக் கிடக்கிறது. ஊர்க்காரர்கள் அவரை ஒதுக்குவதற்கு முன்பே வீடு அவரை ஒதுக்கிவிடுகிறது, அதுவும் பாசத்தால். எனவே கீழே நான் சொல்லப்போகிற எதையும் அவரிடம் பேசாமல் செய்ய வேண்டாம். யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதெல்லாம் அவருடைய நோய் பற்றிய விஷயம், அதில் முதல் பேச்சு அவருடையது.

ஹோம் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், இப்படிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்ட ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களில் எத்தனை பேரை "தங்கச்சி கல்யாணம் முடியட்டும், வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லி விட்டுப்போயிருப்பார்கள் என்று நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. இன்று சங்கிலியில் கட்டுவது குற்றம், 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதை வெளிப்படையாகத் தடை செய்கிறது, இப்படிப்பட்ட இடங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. ஒருவர் விருப்பமில்லாமல் அவரை மனநல நிலையத்தில் சேர்க்க வேண்டுமானால் அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து இருக்க வேண்டும், அல்லது தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலை இருக்க வேண்டும், அதையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து எழுத வேண்டும். வேலைக்குப் போய் வருகிற ஒருவரைக் கல்யாணத்துக்காக உள்ளே வைக்க இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் ஒன்று இருக்கிறது. தன் தங்கை கல்யாணத்தன்று தன்னை அடைத்து வைத்தார்கள் என்பது தெரிந்த பிறகு அந்த மனிதர் உங்கள் யாரையும், மருந்தையும், என்னைப் போன்ற மருத்துவரையும் நம்புவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது அந்த டப்பா. அண்ணன் சாப்பிடும் மருந்தின் பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை. அட்டை இல்லாததால் உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். பெயரும் இல்லை, மில்லிகிராமும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை, வெள்ளையாகச் சில மாத்திரைகள், அவ்வளவுதான். இதில் எனக்கு உண்மையான பயம் ஒன்று இருக்கிறது. வேறு மருந்துகள் கேட்காதபோது நாங்கள் குளோசபின் என்று ஒன்று கொடுப்போம். மிக நல்ல மருந்து, பல பேரை எழுப்பி நடமாட வைத்த மருந்து, ஆனால் நூறில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்களைத் திடீரென்று குறைத்துவிடும். அதனால்தான் ஆரம்ப மாதங்களில் வாராவாரம் ரத்தம் பார்க்கிறோம். அந்த மருந்து சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உங்கள் அண்ணனுக்கு அது கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, இல்லாமலும் இருக்கலாம். கொடுக்கப்பட்டிருந்து, காய்ச்சலுக்கு உள்ளூர் கிளினிக்குக்குப் போய், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?" என்று அந்த டாக்டர் கேட்க, "சத்து மாத்திரைதான்" என்று அம்மா சொன்னால்? மானம் போகக் கூடாது என்று செய்கிற காரியத்தில் உயிரே போகலாம்.

இதற்கு நேர் எதிரானதையும் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்லாமல் விடக் கூடாது. வயிற்றுவலி என்று அவசர சிகிச்சைக்குப் போன ஒருவரை, அவருடைய பழைய சீட்டில் மனநலப் பிரிவின் முத்திரை இருந்ததைப் பார்த்துவிட்டு, "அங்கேயே காட்டுங்க" என்று எங்களிடம் திருப்பி அனுப்பினார்கள். தொட்டுப் பார்த்ததுமே தெரிந்தது, குடல்வால் வீக்கம். அவருக்கு வலி இருந்தது, வலிக்கிறது என்று தெளிவாகச் சொல்லவும் செய்தார், கேட்டவர் காதில் நோயின் பெயர் மட்டும்தான் விழுந்தது. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் பெரும் பங்கு இதயநோய், சர்க்கரை போன்ற உடல் நோய்களுக்கு. அவற்றை யாரும் தேடிப் பார்க்காததும் ஒரு காரணம். ஒதுக்குதல் என்றால் தெருப் பையன்கள் "மெண்டல்" என்று கத்துவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். மருத்துவர்களாகிய நாங்களும் அதைச் செய்கிறோம். ஆகவே அட்டையோடு மாத்திரையை வையுங்கள், மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள், காய்ச்சலுக்குப் போனாலும் பல் வலிக்குப் போனாலும் காட்டுங்கள். யாராவது அலட்சியமாகப் பேசினால் "அது இருக்கட்டும், இந்த வலிக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று அங்கேயே நின்று கேளுங்கள்.

காபி சிந்தியது எனக்கு மனதில் நிற்கிறது. டவராவில் டம்ளர் கடகடவென்று ஆடும், அவர் இரண்டு கையாலும் பிடிப்பார், எல்லார் கண்ணும் கை மேலேயே இருக்கும், அப்போது இன்னும் ஆடும். அந்த நடுக்கம் பெரும்பாலும் மருந்தினால் வருவது. மெதுவாக நடப்பது, முகத்தில் சிரிப்பு வராமல் இருப்பது, உடம்பு பெருப்பது, பகலில் தூங்கி வழிவது, இவையெல்லாம்கூடப் பல நேரம் மருந்தின் பக்கவிளைவுகள். ஊர் இதைத்தான் "பைத்தியக் களை" என்று பார்க்கிறது. ஆனால் இதில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், நடுக்கத்துக்கு என்றே மாத்திரை இருக்கிறது. ரிவ்யூவுக்குப் போகும்போது "நல்லா இருக்கான் டாக்டர், அதே மாத்திரை எழுதிடுங்க" என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள். கை நடுங்குகிறது, நாலு பேர் முன்னால் காபி குடிக்கக் கூச்சமாக இருக்கிறது என்று அண்ணனே சொல்லட்டும். எங்களுக்கு அது பெரிய தகவல்.

சரி, அப்பாவின் யோசனைக்கு வருகிறேன். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்பது எத்தனை பேரை அழித்திருக்கிறது என்று எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. மனச்சிதைவு உள்ளவர்கள் கல்யாணம் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சென்னையில் முதன்முறையாக நோய் வந்த 90 பேரை 1980-களிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. பத்து ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள், கல்யாணம் செய்து குடும்பம் நடத்தியவர்களும் நிறைய. கெடுதல் வருவது மறைத்துச் செய்யும்போதுதான். எப்படி நடக்கிறது என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், ஊரும் சாதியும் மாறும், கதை மாறாது. கல்யாண அலைச்சலில் பையனுக்கு நாலைந்து நாள் தூக்கம் இருக்காது. முதலிரவன்று மாத்திரையை எங்கே வைத்துச் சாப்பிடுவது? பெண் பக்கத்தில் இருக்கிறாள். "ரெண்டு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது" என்று அம்மாவே சொல்லியிருப்பார். அப்புறம் மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில், மாத்திரை ஊர் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். மாத்திரை போட்டால் தூக்கம் அமுக்கும், "ஏன் இப்படித் தூங்குறீங்க?" என்று கேட்டுவிடுவாளோ என்று அவரே நிறுத்திவிடுவார். சில வாரம், சில மாதம். பழைய சந்தேகம் திரும்ப வரும், இந்த முறை அது மனைவி மேல் வரும். அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்றே புரியாது, யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் அவள் அம்மா வீட்டுக்குப் போவாள், இவர் வார்டுக்கு வருவார், இரண்டு குடும்பமும் கோர்ட்டில் நிற்கும். இதில் எல்லாரும் பரிதாபத்துக்குரியவர்கள் என்றாலும் முதலில் அந்தப் பெண்.

சட்டமும் அவள் பக்கம்தான் நிற்கும். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில், முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கியிருந்தால், அது தெரியவந்த ஓராண்டுக்குள் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். சொல்லிச் செய்தால் நிலைமை வேறு. மனச்சிதைவு என்ற பெயரை மட்டும் வைத்து விவாகரத்து கொடுத்துவிட முடியாது, நோய் எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். அண்ணனுக்குக் கல்யாணத்தில் ஆசை இருந்தால், அவருக்கே ஆசை இருந்தால், தெரிந்து சம்மதிக்கிற ஒரு பெண்ணாகப் பார்க்கலாம், மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து வந்து பேசலாம். அப்படி நடந்த கல்யாணங்களுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கல்யாணம். அண்ணனுடைய நோயை மாப்பிள்ளை வீட்டில் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டக் கட்டாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, நோய் உங்களுக்கு இல்லை. ஆனாலும் சொல்லுங்கள் என்பது என் கருத்து, அண்ணன் சரி என்று சொன்ன பிறகு. வரப்போகிறவர் அந்த வீட்டு மாப்பிள்ளை. பொங்கலுக்கு வருவார், பிரசவத்துக்கு வருவார், அம்மா அப்பாவுக்கு வயதான பிறகு அண்ணனை விசாரிக்கிற ஒரு ஆளாக இருப்பார். அவரிடம் ஆயுசு முழுக்க பெங்களூர் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க உங்களால் முடியாது. முதல் நாள் பஜ்ஜி சொஜ்ஜியோடு கூடத்தில் பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டாம். இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, நிச்சயத்துக்கு முன்னால், மாப்பிள்ளையிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். தரகர் மூலமாகப் போனால் அது வேறு கதையாகத்தான் போய்ச் சேரும். குற்றத்தை ஒப்புக்கொள்வது போலக் குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள்: "அண்ணனுக்கு ஆறு வருஷம் முன்னால மனச்சிதைவு வந்துச்சு. வைத்தியம் பார்த்தோம். இப்ப மாத்திரை சாப்பிடறார், மூணு வருஷமா வேலைக்குப் போறார். உங்களுக்கு ஏதாவது கேக்கணும்னா அவர்கிட்டயே கேக்கலாம்." இவ்வளவு போதும். இதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் இருப்பார்கள், ஒன்றிரண்டு வரன் தட்டிப்போகும், அது வலிக்கும், வலிக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதும் உண்டு, நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே. 2015–16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி நம் நாட்டில் பத்துப் பெரியவர்களில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை அந்த நேரத்தில் இருந்தது. எல்லா வீட்டிலும் ஒரு பெங்களூர் கதை இருக்கிறது, யாரும் வாயைத் திறப்பதில்லை.

அண்ணன் வேண்டாம் என்று சொன்னால்? காரணம் கேளுங்கள், நேரம் கொடுங்கள், ரிவ்யூவில் மூவருமாக உட்கார்ந்து பேசுங்கள். கடை முதலாளியிடம் சொல்வதா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும், வேலை ஒழுங்காக நடக்கும்போது சொல்லியே தீர வேண்டும் என்று எதுவும் இல்லை. அக்கம்பக்கத்துக்கு விளக்கம் கொடுக்க வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. ஆனால் ஒன்று, வீட்டுக்குள்ளேயே கோபத்தில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று யாரும் யாரையும் சொல்லாதீர்கள், டிவி பார்த்துச் சிரிக்கும்போதுகூட. கீழ்ப்பாக்கம் ஒரு ஆஸ்பத்திரி. 1794-இல் மதராஸில் தொடங்கிய காப்பகத்தின் தொடர்ச்சி அது, ஆயிரக்கணக்கானவர்கள் தேறி வீடு திரும்பிய இடம். அதன் கண்காணிப்பாளராக நீண்ட காலம் இருந்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வு பெற்ற பிறகு 1984-இல் மனச்சிதைவு வந்தவர்களுக்காக ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார், மனச்சிதைவு வந்தவர்கள் வேலைக்கும் வீட்டுக்கும் திரும்ப முடியும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊர்ப் பெயரை வசைச் சொல்லாக்கி வைத்திருப்பதால்தான் உங்கள் அண்ணனைப் போன்றவர்கள் முதலில் மந்திரிக்கவும் அப்புறம் கோயிலுக்கும் போய், கடைசியில் எங்களிடம் வருகிறார்கள். கோயிலுக்குப் போனதில் தவறில்லை, மருந்தும் அன்றைக்கே ஆரம்பித்திருந்தால் அவருக்கு அந்தப் பயங்கரமான நாட்கள் குறைந்திருக்கும்.

உங்களுக்கு வருமா என்று கேட்டீர்கள். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சிதைவு வரலாம். கூடப்பிறந்தவருக்கு இருந்தால் அது நூற்றுக்கு ஒன்பது பத்துப் பேர். அதாவது தொண்ணூறு பேருக்கு வராது. நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து முப்பதுகளின் நடுவரைக்குள் தொடங்குகிறது, அதில் ஒரு பகுதியை நீங்கள் கடந்துவிட்டீர்கள். உங்கள் குழந்தைக்கு இன்னும் குறைவு, நூற்றுக்கு மூன்று நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே சொல்ல வேண்டாம், சொந்தத்திலேயே முடித்துவிடலாம் என்று அத்தை மகனையோ மாமன் மகனையோ யாராவது யோசித்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள், இரண்டு பக்கமும் ஒரே பரம்பரை என்பதால் இந்தக் கணக்கு அங்கே கூடலாம்.

இவன் இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியதற்காக அழ வேண்டாம். நோயாளியின் அக்கா தங்கைகள் தனியாக வந்து என்னிடம் அதிகம் சொல்வது இதைத்தான். இருபது வயதிலிருந்து ஒரு பொய்யைச் சுமந்திருக்கிறீர்கள், உங்கள் படிப்பும் நட்பும் அந்தப் பொய்யைச் சுற்றியே நடந்திருக்கின்றன, யாரும் உங்களிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அது பாவம் இல்லை, களைப்பு. பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை.

கல்யாணம் நிச்சயமானதும் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். அண்ணனுக்குத் தூக்கம் கெடக் கூடாது. நம் ஊர்க் கல்யாணத்தில் மூன்று நாள் யாரும் தூங்குவதில்லை, நோய் திரும்புவதற்கு அது போதும். மண்டபத்தில் அவருக்கென்று ஒரு அறை, பத்து மணிக்கு மேல் காய்கறி லாரிக்கும் மைக்செட்காரருக்கும் வேறு ஆள், மாத்திரை இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே வாங்கி அவர் பையில், நண்பர்கள் ஊற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல அவரோடு ஒரு சித்தப்பா மகன். முகூர்த்தம் அதிகாலை என்றால் ஐந்து மணிக்கு எழுப்பினால் போதும்.